தூரத்தில் நிற்பவனை விடு

சென்ற கிண்ணப் போட்டியின் ஓர் ஆட்டத்தில் நாங்கள் வாங்கிய ஒன்பது கோல்களில் ஏழு ஒரே இடைவெளியால் வந்தவை. அதைக் கண்டுபிடிக்க அந்த ஆட்டத்தின் பதிவை நான் பதினொரு தடவை பார்க்க வேண்டியிருந்தது.

எங்களுடையது ஒரு தேசிய உதைபந்தாட்ட அணி. அந்தத் தேசம் வரைபடத்தில் இல்லை. அப்படி வரைபடத்தில் இல்லாத மக்களுக்கென்று இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஒரு போட்டி நடக்கிறது. பாரிஸ், லண்டன், ரொறன்ரோ, பேர்ண், ஒஸ்லோ என்று எங்கள் பிள்ளைகள் வளர்ந்த ஊர்களிலிருந்து இருபது பேரைத் திரட்டிக்கொண்டு போவோம். எதிரே வருகிற அணிகளில் பாதிப் பேர் சம்பளத்துக்குப் பந்து விளையாடுகிறவர்கள். எங்களில் அப்படி ஒருவரும் இல்லை.

நான் அந்த அணியின் உதவிப் பயிற்சியாளன், யோகநாதன். தொழில் லிஃப்ட் திருத்துவது. பாரிஸின் புறநகரான சார்செல்லின் மாடிக் கட்டடங்களில் பழுதாகிற லிஃப்டுகளில் பாதி என் கையால் சரியாகிறவை.

தொழிலைச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. லிஃப்டை இழுக்கும் மோட்டார் நீங்கள் நினைப்பதைவிடச் சின்னது. எட்டுப் பேரையும் பெட்டியையும் அது தனியே தூக்குவதில்லை. கயிற்றின் மறுமுனையில் ஓர் எதிரெடை தொங்குகிறது. பெட்டி ஏறும்போது அது இறங்கும். மோட்டார் தூக்குவது இரண்டுக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தை மட்டும்தான். பலம் குறைந்தவர்கள் பலம் கூடியவர்களோடு விளையாடுவதும் இப்படித்தான் என்று நான் நம்பினேன். அவர்களுடைய முழுப் பாரத்தையும் நாங்கள் சுமக்க வேண்டியதில்லை. வித்தியாசத்தைக் குறைத்தால் போதும்.

இனி அந்த இடைவெளி. பின்களத்தில் எங்களுக்கு நான்கு பேர் நிற்பார்கள். எதிரணியில் ஒருவன் வலது ஓரக் கோட்டில் பந்தோடு நிற்கிறான் என்று வையுங்கள். எங்கள் ஓரத்துக்காரன் அவனை மறிக்கப் போவான். போனவனுக்கும் அவனுக்குப் பக்கத்தில் நின்றவனுக்கும் இடையில் எட்டு, ஒன்பது மீற்றர் வெறுமையாகிவிடும். அந்த வெறுமைக்குள் இன்னொருவன் ஓடி வருவான். பக்கத்தில் நின்றவன் அவனைத் தொடர்ந்து போனால் கோலுக்கு நேர்முன்னால் ஆளில்லை. போகாவிட்டால் ஓடி வந்தவனுக்குத் தடையில்லை. பலமான அணி எடுத்தவுடனே கோல் அடிப்பதில்லை. முதலில் எங்களிடம் ஒரு கேள்வி கேட்கிறது. இரண்டு விடைகளும் பிழையாக இருக்கும்படி கேட்கிறது.

இதைத் தலைமைப் பயிற்சியாளர் குணரத்தினம் அண்ணையிடம் காட்டினேன். பாரிஸின் ரூ பெர்தொனே தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடையின் மேல்மாடி அறைதான் எங்கள் அலுவலகம். ஞாயிறு காலை. கீழே ரொட்டி கொத்துகிற சத்தம் தொடங்கியிருக்கவில்லை.

"ஐஞ்சு பேரை விடோணும் அண்ணை," என்றேன். "நாலு பேர் காணாது."

"சனம் ஏசும்."

"ஒன்பது வாங்கேக்கை ஏசேல்லையோ?"

"அப்ப பாவம் பாத்தவை," என்றார். "பாவம் பாக்கிறது வேறை, ஏசுறது வேறை. சரி, அந்த ஐஞ்சாவது ஆள் ஆர்?"

அதுதான் சிக்கல். ஐந்தாவது ஆள் நடுவில் நிற்க வேண்டும். மற்ற நால்வரும் தங்கள் தங்கள் ஆளை மறிக்க, அவன் ஒருவரையும் மறிக்காமல் எல்லாருக்கும் பின்னால் நின்று, எங்கே வெறுமை வருகிறதோ அங்கே இருக்க வேண்டும். பந்தைக் கண்டதும் ஓடுகிறவன் அதற்கு உதவமாட்டான். பந்தைக் கண்டதும் ஓடாத விளையாட்டுக்காரன் லேசில் கிடைக்கமாட்டான்.

கலைமாறனை லா குர்னேவில் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் போட்டியில் கண்டேன். வயது இருபத்தாறு. புதுக்குடியிருப்புப் பக்கத்திலிருந்து வந்து மூன்று வருடம். ரூ காய் தெருவில் உணவகம் ஒன்றின் சமையலறையில் வேலை. அகதி வழக்கு ஒருமுறை நிராகரிக்கப்பட்டு மேன்முறையீட்டில் இருந்தது. அன்று மைதானத்தில் எல்லாரிலும் குறைவாக ஓடியவன் அவன்தான். அவனுடைய அணி ஒரு கோலும் வாங்கவில்லை. இடது முழங்கை நிமிராது. பதினொரு வயதில் ஷெல் துண்டு பட்டது. அந்தக் கையை ஏதோ குழந்தையை ஏந்தியிருப்பதுபோல நெஞ்சோடு மடித்தபடிதான் ஓடுவான்.

"பந்தைப் பாக்காமல் நீ எங்கை தம்பி பாக்கிறனீ?" என்று கேட்டேன்.

"பந்து எங்கை எண்டு சத்தத்திலை தெரியும் அண்ணை. எங்கை விழப்போகுது எண்டு ஆக்கள் ஓடுறதிலை தெரியும்."

 

அணிக்கு வரச் சம்மதித்தபோது ஒரு நிபந்தனை வைத்தான். பெயர் வெளியே போகக்கூடாது, முகம் வெளியே போகக்கூடாது. தகப்பன் தர்மராசாவும் தங்கை வதனாவும் இன்னும் ஊரில் இருந்தார்கள். ஏற்கெனவே இரண்டு தடவை வீட்டுக்கு ஆட்கள் வந்து இவன் எங்கே, யாரோடு திரிகிறான் என்று கேட்டுப் போயிருந்தார்கள். குணா அண்ணை அவனுடைய கையைப் பிடித்து, "அது என்ர பொறுப்பு" என்றார். நான் பக்கத்தில் நின்று தலையாட்டினேன்.

இதில் எங்களுக்குப் பழக்கம் உண்டு. எங்கள் அணியின் படங்கள் எல்லாம் முதுகுப் படங்கள். முதல் வருடம் மூன்று பிள்ளைகள், ஊரில் ஆட்கள் இருப்பதால் படத்துக்கு நிற்கமாட்டோம் என்றார்கள். மூன்று பேர் மட்டும் விலகி நின்றால் அந்த மூன்று பேர் யார் என்று யாரும் எண்ணிப் பார்த்துச் சொல்லிவிடுவார்கள் என்றார் குணா அண்ணை. ஆகவே பதினொரு பேரும் திரும்பி நின்றார்கள். பின்பு ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஜேர்சி இலக்கங்களை ஓர் அரிசிப் பையில் போட்டுக் குலுக்கி எடுக்கத் தொடங்கினோம். இந்தக் கிழமை ஐந்தாம் இலக்கம் அடுத்த கிழமை பதினேழு. ஒருவனை மறைக்க வேண்டுமென்றால் எல்லாரும் மறைய வேண்டும். எனக்கு இது பிடித்திருந்தது. நல்ல பொறிமுறை. எனக்கும் அதனால் நன்மை இருந்தது. நான் பிரெஞ்சுக் கடவுச்சீட்டுக்காரன், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஓகஸ்டில் யாழ்ப்பாணத்துக் கொக்குவிலுக்குப் போய், தனியே இருக்கிற என் அக்கா சுகிர்தத்தைப் பார்த்து வருகிறவன்.

பெப்ரவரியில் பயிற்சி தொடங்கியது. பின்களத்து நால்வரின் இடுப்பிலும் நைலோன் கயிறு கட்டினேன். ஒருவருக்கும் அடுத்தவருக்கும் இடையில் ஆறு மீற்றர். ஓரத்தில் நிற்பவன் வெளியே போனால் கயிறு மற்ற மூவரையும் இழுத்துக்கொண்டு போகும். இப்படி இரண்டு மாதம் செய்தால், கயிற்றை அவிழ்த்த பிறகும் உடம்பு அந்தத் தூரத்தை மறக்காது.

வலது ஓரத்தில் நிற்கிற கிருஷிகன் சார்செல்லில் பிறந்த பிள்ளை. கயிற்றைப் பார்த்துவிட்டு, நாங்கள் என்ன ஆடுகளா என்று பிரெஞ்சில் கேட்டான்.

"ஆடெண்டா மேயும்," என்றார் குணா அண்ணை. "நீ மேயாமல் நில்."

கலைமாறனுக்கு மட்டும் கயிறு இல்லை. நால்வருக்கும் நடுவில், ஓரெட்டுப் பின்னால் நின்றான். கயிற்றை அவிழ்த்த பிறகு மற்றவர்களுக்கு அவனுடைய முழங்கைதான் கயிறு. மடங்கிய இடது கையை நெஞ்சிலிருந்து வெளியே எடுத்தால் எல்லாரும் பத்து அடி ஏற வேண்டும். மறுபடி நெஞ்சோடு வைத்தால் இறங்க வேண்டும். எதிரணி பந்தைப் பின்னுக்குத் தட்டும் அந்த நொடியில் மட்டும்தான் ஏறலாம், ஏனென்றால் அந்த நொடியில் அவர்களுடைய முகம் எங்கள் பக்கம் இல்லை. அந்த நொடியை அவன் ஒருநாளும் தவறவிட்டதில்லை.

ஒருநாள் கேட்டான், "ரெண்டு பேர் ஒரே நேரத்திலை ஓடி வந்தா எவனைப் பிடிக்கிறது அண்ணை?"

அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவன்போல நான் நிலத்தில் கோடு போட்டுக் காட்டினேன். "கோலுக்குக் கிட்ட நிக்கிறவனைப் பிடி. தூரத்திலை நிக்கிறவனை விடு. தூரத்திலை நிண்டு அடிச்சா பந்து வர ஒரு செக்கன் கூட எடுக்கும். கோல்காப்பாளருக்கு அந்த ஒரு செக்கன் காணும். ரெண்டு பேரையும் பிடிக்கப் போனா ரெண்டு பேரையும் விட்டுடுவாய்."

"தூரத்திலை நிக்கிறவன் அடிச்சுப் போட்டான் எண்டா?"

"அடிக்கட்டும். அதுக்கு உன்னை ஒருத்தரும் குற்றம் சொல்லேலாது."

ஈஸ்டர் கிழமையில் புறநகர் அணியொன்றோடு ஒரு நட்பு ஆட்டம் வைத்தோம். முன்பு எங்களுக்கு ஆறு கோல் அடித்த அணி அது. இந்தமுறை எண்பத்துநாலாவது நிமிடத்தில், ஒரு தண்டனை உதையில் மட்டும் ஒரு கோல் அடித்தார்கள். திறந்த ஆட்டத்தில் ஒன்றும் இல்லை. நான் வீட்டுக்குப் போகிற ஆர்.ஈ.ஆர் ரயிலில் தனியே சிரித்துக்கொண்டு போனேன்.

பார்க்க வந்த சனம் சிரிக்கவில்லை. குடும்பம் குடும்பமாக, றோல்ஸும் தேத்தண்ணியும் கட்டிக்கொண்டு வந்திருந்த இருநூறு பேர், எங்கள் பிள்ளைகள் தொண்ணூறு நிமிடமும் தங்கள் கோலுக்கு முன்னால் நிற்பதைப் பார்த்துவிட்டுப் பேசாமல் எழுந்து போனார்கள். பேசியவர் பத்திநாதர். ரூ பெர்தொனேயில் நகைக்கடை வைத்திருப்பவர், அணியின் ஏற்பாட்டுக் குழுத் தலைவர்.

"குந்தியிருக்கிறதுக்கோ ஜேர்சி அடிச்சுத் தந்தனாங்கள்?" என்றார். "உலகமெல்லாம் சனம் பாக்கும். எங்கட கொடிக்குக் கீழை நிண்டுகொண்டு பின்னுக்குப் பின்னுக்குப் போறியள். பாக்கேலாமல் கிடக்கு."

"பின்னுக்குப் போறது ஒரு முறை ஐயா," என்றேன்.

"எங்களுக்குத் தெரியாத முறையே? பின்னுக்குப் போய்ப் போய்க் கடைசியிலை கடலுக்கை நிண்டனாங்கள்."

 அடுத்த ஞாயிறு குழு கூடி, குணா அண்ணையை வைத்திருப்பதா இல்லையா என்று முடிவெடுக்கும் என்றார்.

குணா அண்ணை கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. "நீ வந்து வாயாலை விளங்கப்படுத்து," என்றார். "பலகையிலை கீறிக் காட்டு. விளங்கினா சனம் பொறுக்கும்."

நான் பலகையை நம்பவில்லை. அசைகிற பொருளை அசையாத கோட்டில் விளங்கப்படுத்த முடியாது. லிஃப்டின் வரைபடத்தை ஒருவருக்குக் காட்டிப் பாருங்கள், தலையாட்டுவார். லிஃப்ட் ஓடுகிற சுரங்கத்துக்குள் கூட்டிப்போய் எதிரெடை இறங்குவதைக் காட்டுங்கள், வாயைப் பிளப்பார். ஆகவே நட்பு ஆட்டத்தின் பதிவிலிருந்து பன்னிரண்டு நிமிட வீடியோ ஒன்றைச் செய்தேன். வேலை முடிந்து வந்து நான்கு மாலைகள் இருந்தேன். எங்கள் பிள்ளைகள் எல்லாருடைய முகத்தையும் ஒவ்வொன்றாக மங்கலாக்கினேன். இலக்கங்களை அழித்தேன். மிகக் கவனமாகச் செய்த வேலை.

பிறகு கலைமாறனைச் சுற்றி மஞ்சள் வட்டம் போட்டேன். ஒரு தடவையல்ல, முப்பத்தொரு தடவை. அவனில்லாமல் அந்த முறையை விளங்கப்படுத்த முடியாது. என் குரலிலேயே விளக்கத்தைப் பதிவுசெய்தேன். "இந்த வீரரின் இடது முழங்கையைப் பாருங்கள்," என்று சொன்னேன். "இது நெஞ்சைவிட்டு விலகுகிறது. இப்போது மற்ற நால்வரின் கால்களையும் பாருங்கள்." அந்த இடத்தில் வேகத்தைக் குறைத்து, முழங்கையைப் பெருப்பித்து, மூன்று முறை திரும்ப ஓட விட்டேன்.

முதுகுப் படத்தின் பொறிமுறையை முழுதாக விளங்கியவன் நான். ஒருவனை மட்டும் வேறுபடுத்தினால் அது உடைந்துவிடும் என்று தெரிந்தவன். அது என் நினைவுக்கு வரவேயில்லை. முகத்தை மறைத்தால் ஆளை மறைத்ததாக எண்ணினேன்.

குழுவின் வட்ஸப்பில் முப்பது பேர் இருந்தார்கள். சனிக்கிழமை அனுப்பினேன். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் பத்திநாதர் எழுந்து என் கையைப் பிடித்தார்.

"இப்பத்தான் தம்பி விளங்குது," என்றார். "அந்தக் கைக்காரப் பெடியன், அவன் என்ன மாதிரி ஆட்டுவிக்கிறான். நாலு தரம் பாத்தனான். ரொறன்ரோவிலை என்ர மச்சானும் பாத்திட்டு, இப்பிடி ஒருத்தரும் எங்களுக்கு விளங்கப்படுத்தேல்லை எண்டு சொல்லுறான்."

"ரொறன்ரோவுக்கு அனுப்பினனீங்களோ?"

"ஓம், சனம் அறியட்டும்."

குணா அண்ணை என்னைப் பார்த்தார்.  நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். விளங்காத வீடியோவாக இருந்திருந்தால் முப்பது பேரோடு நின்றிருக்கும். விளங்கியதால் போனது. செவ்வாய்க்கிழமை யாரோ அதை முகநூலில் ஏற்றினார்கள். நான் எழுதி, கெஞ்சி, வியாழக்கிழமை எடுப்பித்தேன். அதற்குள் பதினேழாயிரம் பேர் பார்த்திருந்தார்கள்.

அடுத்த கிழமை கலைமாறன் பயிற்சிக்கு வரவில்லை. நான் ரூ காய்க்குப் போனேன். பிற்பகல் நான்கு மணி, மத்தியானச் சாப்பாடு முடிந்து பின்னேரச் சனம் வராத நேரம். உணவகத்தின் பின்முற்றத்தில், எண்ணெய் வாளியொன்றைக் கவிழ்த்து அதில் இருந்து உள்ளி உரித்துக்கொண்டிருந்தான். எனக்கும் ஒரு வாளியைக் கவிழ்த்துத் தந்தான்.

"அப்பாவைப் பிடிச்சுக்கொண்டு போயிட்டினம் அண்ணை," என்றான்.

உள்ளித் தோல் காற்றில் பறந்து என் சப்பாத்தில் ஒட்டியது.

"ரெண்டு பேர் மோட்டச்சைக்கிளிலை வந்து போனைக் காட்டினவையாம். உங்கட மகன்தானே எண்டு கேட்டவையாம். அப்பா இல்லை எண்டு சொன்னவர். முகம் தெரியேல்லையே, எப்பிடி நான் சொல்லுறது எண்டு. பிறகு அந்த முழங்கை வாற இடத்தைப் போட்டுக் காட்டினவையாம். மூண்டு தரம்." உரித்த பல்லைச் சட்டிக்குள் போட்டான். "வதனா சொல்லுறாள், அப்பா அதைப் பாத்த உடனை அழுதிட்டாராம். என்னை ஓடக் கண்டு மூண்டு வருசம்தானே."

"எப்ப?"

"திங்கக்கிழமை. இண்டைக்கு நாலாம் நாள்."

"ஆர் ஆக்கள்?"

"அது தெரிஞ்சென்ன, தெரியாட்டியென்ன." இன்னொரு பல்லை எடுத்து உரித்தான். "இஞ்சை வக்கீல் மட்டும் சந்தோசப்படுறார். இந்த வீடியோ என்ர தோசியேக்கு, அகதி வழக்குக்கு, நல்லதாம். அப்பாவைக் கொண்டு போனது இன்னும் நல்லதாம்."

நான் மன்னிப்புக் கேட்டேன். அவன் அதைக் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

"ஒரு விசயம் இருக்குது," என்றான். "அந்த ரீமிலை ஆர் ஆர் நிக்கிறாங்கள், ஆர் நடத்துறாங்கள் எண்டு பெயர் எழுதி அனுப்பட்டாம். வெள்ளிக்கிழமைக்குள்ளை அனுப்பினா அப்பாவை விடுவினமாம். வதனாட்டைச் சொல்லி விட்டிருக்கினம்." நிமிர்ந்து என்னைப் பார்த்தான். "நீங்கள் நல்லா விளங்கப்படுத்துவியள். இதை விளங்கப்படுத்துங்கோ. ரெண்டு பேர் ஒரே நேரத்திலை ஓடி வாறாங்கள். ஒரு பக்கம் அப்பா. மற்றப் பக்கம் இருவது பெடியள், அவங்கட தாய் தேப்பன். நான் எவனைப் பிடிக்கிறது?"

விடை எனக்குத் தெரிந்திருந்தது. கேள்வி முடிவதற்கு முன்பே தெரிந்துவிட்டது. என்னுடைய பெயரைக் கொடு, அணியை நடத்துவது யோகநாதன், வீடியோ செய்தது யோகநாதன் என்று எழுது, ஒரு பயிற்சியாளனின் பெயர் கிடைத்தால் அவர்களுக்கு இப்போதைக்குப் போதும். அவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. வாயைத் திறந்தேன். கொக்குவிலில் அக்கா முற்றத்துக் கதவைப் பூட்டிவிட்டுத் தனியே படுப்பது ஞாபகத்துக்கு வந்தது. ஓகஸ்டுக்கு விமானச் சீட்டு எடுத்து வைத்திருந்தேன். ஒரு மூச்சளவு நேரம்தான் தாமதித்தேன். அதற்குமேல் இராது.

பந்தைப் பார்க்காமல் ஆட்களைப் பார்க்கிறவன் அவன்.

"பரவாயில்லை அண்ணை," என்றான். "தேத்தண்ணி குடிப்பியளோ?"

அன்று போனவன் அடுத்த நாள், வெள்ளிக்கிழமை, மறுபடி வந்தேன். வேலையிடத்துக்கு உடல் வருத்தமென்று அறிவித்துவிட்டுப் பதினொரு மணிக்கே அந்த முற்றத்தில் நின்றேன். மத்தியானச் சமையல் மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. அவன் கையைத் துடைத்தபடி வெளியே வந்தான்.

"என்ர பெயரை அனுப்பு," என்றேன். "முழுப் பெயர், விலாசம், எல்லாம்."

"நான் விடியவே அனுப்பிப் போட்டன்."

"ஆற்றை பெயரை?"

"என்ரையை." அவன் இடது கை வழக்கம்போல நெஞ்சோடு இருந்தது. "ரீமைச் சேர்த்தது நான், நடத்துறது நான், மற்றவை எல்லாம் ஞாயிற்றுக்கிழமை விளையாட வாறவை, ஒருத்தற்றை பெயரும் எனக்குத் தெரியாது எண்டு குரல் பதிஞ்சு அனுப்பினனான். முகத்தையும் காட்டினனான். நம்புவினமோ தெரியேல்லை. நம்பாட்டியும் அவைக்கு ஒரு பெரிய ஆள் கிடைச்ச மாதிரி இருக்கும்."

"இனி நீ ஊர்ப்பக்கம் தலைகாட்டேலாது."

"கிட்ட நிக்கிறவனைப் பிடி, தூரத்திலை நிக்கிறவனை விடு எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள். அப்பாவும் வதனாவும் அங்கை கிட்ட நிக்கினம். தூரத்திலை நிக்கிறது நான்தான்." உள்ளேயிருந்து யாரோ அவனைக் கூப்பிட்டார்கள். "நான் இனி விளையாட வரேல்லை அண்ணை. விளையாடினா அவை திரும்பவும் எங்கட வீட்டை போவினம். குணா அண்ணைட்டைச் சொல்லிவிடுங்கோ. நான் சொன்னா அந்தாள் அழும்."

தர்மராசாவைச் சனிக்கிழமை பின்னேரம் விட்டார்கள். ஒவ்வொரு ஞாயிறும் போய்க் கையெழுத்து வைக்க வேண்டும். வலது காதில் கேட்பதில்லை என்று வதனா சொன்னாளாம். கலைமாறனின் மேன்முறையீட்டு முடிவு இன்னும் வரவில்லை. அதுவும் மறுக்கப்பட்டால் அவனைத் திருப்பி அனுப்புகிற இடம் அந்த ஊர்தான்.

ஜூனில் போட்டி, பிரான்சின் தெற்கே ஒரு சின்ன நகரத்தில். எதிரணி ஒரு மலைநாட்டு மக்களுடையது. அவர்களில் ஆறு பேர் சம்பளத்துக்கு விளையாடுகிறவர்கள். நாங்கள் ஐந்து பேரைத்தான் பின்களத்தில் விட்டோம். நடுவில் கிருஷிகன். இரண்டு மாதம் அவனுக்கு எல்லாவற்றையும் திரும்பத் திரும்பச் சொல்லிக் கொடுத்திருந்தேன், ஒரு சொல்லும் அவனுக்கு மறந்திருக்கவில்லை. பன்னிரண்டாவது நிமிடத்தில் பந்து இடது பக்கம் போனது. அவன் பந்தைப் பார்த்தான். பிறகு பந்தை நோக்கி ஓடினான். அவன் விட்டுப்போன வெறுமைக்குள் எதிரணிக்காரன் ஒருவன் அவசரமில்லாமல் நடந்து வந்ததை நான் கோட்டுக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏழு கோல்கள். ஆட்டம் முடிந்ததும் பிள்ளைகள் வழக்கம்போல முதுகைக் காட்டி நின்று படம் எடுத்தார்கள். பத்திநாதர் கோட்டுப் பக்கம் வந்து, "ஏன் தம்பி, அந்த முறை வேலை செய்யேல்லையோ?" என்று கேட்டார். அவருக்குக் கலைமாறனின் கதை தெரியும். தெரிந்தும் கேட்டார். விளங்கிக்கொள்ளும் ஆசை அவருக்கு என்னிடமிருந்து தொற்றியிருந்தது.

"ஆள் இல்லை," என்றேன்.

பாரிஸுக்குத் திரும்பி இரண்டு கிழமை கழித்து, ஒரு புதன்கிழமை காலை, சார்செல்லில் பதினான்கு மாடிக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் பெட்டியின் கூரையில் நின்று கயிறு பார்த்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. சுகிர்தம் அக்கா. அவள் புதன்கிழமைகளில் எடுப்பதில்லை.

"ஓகஸ்டுக்கு வராதை," என்றாள்.

"ஏன் அக்கா?"

"நேற்று ரெண்டு பேர் வந்தவை. மரியாதையாத்தான் கதைச்சவை. தேத்தண்ணியும் குடிச்சவை." அவளுடைய மூச்சு இரைந்தது. "ஒரு வீடியோ போட்டுக் காட்டினவை. படத்தைப் பாக்க வேண்டாம் அம்மா, குரலைக் கேளுங்கோ எண்டு சொன்னவை."

பன்னிரண்டு நிமிடம். முகங்களையெல்லாம் மறைத்துவிட்டு, முதல் நொடியிலிருந்து கடைசி நொடிவரை நான் பேசியிருந்தேன்.

"நீ என்ன சொன்னனீ?"

"எனக்குத் தெரியாத குரல் எண்டனான். முழுக்கப் போட்டவை, நானும் இருந்து கேட்டன். உன்ர குரலை நேரிலை கேட்டும் ரெண்டு வருசம்தானே." பிறகு குரலைத் தணித்தாள். "போகேக்கை அதிலை ஒருத்தன், வயது குறைஞ்ச பெடியன், வாசல்லை நிண்டு சொன்னவன். ஆரெண்டாலும் நல்லா விளங்கப்படுத்துறார் அம்மா, எங்களுக்கே விளங்குது எண்டு."

கீழ்த்தளத்தில் யாரோ லிஃப்டுக்குப் பொத்தானை அமத்தினார்கள். நான் அதை நிறுத்தி வைத்திருந்ததால் அது அசையவில்லை. பக்கத்துச் சுவரோரம் எதிரெடை தன் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. அக்கா இன்னும் போனை வைக்கவில்லை. வாசல் கதவு பூட்டியிருக்கிறதா என்று கேட்டேன்.

"பூட்டித்தான் கிடக்கு," என்றாள். "இனிப் பூட்டியென்ன."